நாய் தள்ளாடினால், விழுந்தால், துடித்தால்: மலையக வீடுகளுக்கான நரம்புக் கோளாறு வழிமுறை

கால் இழுபட்டால் வாதம், உடம்பு வெட்டினால் வலிப்பு, வாயில் நுரை தள்ளினால் விசர். நாய்க்கு வரும் நரம்புக் கோளாறுகளை நம் ஊரில் இந்த மூன்று பெயருக்குள் அடக்கிவிடுகிறோம். ஆனால் இவற்றில் சில இரண்டு மூன்று கிழமையில் தானாகவே குணமாகும். சிலவற்றில் ஒரு நாள் பிந்தினாலே கால் நிரந்தரமாகப் போய்விடும். ஒன்று மட்டும் வீட்டு மனிதர்களின் உயிரையும் கொண்டுபோகும். மஸ்கெலியாவிலிருந்தோ வெலிமடையிலிருந்தோ பேராதனை கால்நடை போதனா வைத்தியசாலைக்குப் போய்ச் சேர, மழையும் பனிமூட்டமும் இருந்தால் அரை நாள் போய்விடும். ஆகவே எது இப்போதே புறப்பட வேண்டியது, எது நாளை காலை பக்கத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போனால் போதும் என்று வீட்டிலேயே பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நோயின் பெயர் தெரியத் தேவையில்லை. கோளாறு இருக்கும் இடம் மூளையா, உட்காதா, முள்ளந்தண்டா, ஒற்றை நரம்பா, இல்லை வயிற்றுக்குள் போன நஞ்சா என்று ஊகிக்க முடிந்தால் போதும்.

எதையும் தொடுவதற்கு முன்: விசரா?

கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் கிடைத்த பிறகுதான். கடந்த சில மாதங்களில் வேறு நாயோ கீரியோ நரியோ கடித்ததா? விசர் தடுப்பூசி போட்டு ஒரு வருடம் தாண்டிவிட்டதா, அல்லது போடவே இல்லையா? சாதுவான நாய் திடீரென்று மூர்க்கமாகிவிட்டதா, அல்லது துடுக்கான நாய் இருட்டு மூலையில் போய் ஒடுங்குகிறதா? குரைப்பின் சத்தம் கரகரத்து மாறியிருக்கிறதா? கல், கட்டை, சாக்கு என்று தின்னாததைக் கடிக்கிறதா? கீழ்த்தாடை தொங்கி எச்சில் ஒழுகுகிறதா?

கடைசி அறிகுறிதான் அதிகம் ஏமாற்றுவது. விசர் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்று நினைத்திருக்கிறோம். ஊமை விசர் என்ற இன்னொரு வகை உண்டு. அதில் நாய் கடிக்காது. தாடைத் தசைகளும் தொண்டையும் செயலிழந்து, வாயை மூட முடியாமல், விழுங்க முடியாமல் நிற்கும். பார்ப்பவர்கள் "தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு" என்று வாய்க்குள் கையை விடுவார்கள். விசர்க் கிருமி இருப்பது அந்த எச்சிலில்தான்.

மேலே உள்ளவற்றில் இரண்டு பொருந்தினாலும் நாயைத் தொடாமல் ஓர் அறையிலோ கூண்டிலோ அடைத்துவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கடி, கீறல், அல்லது காயத்தில் எச்சில் பட்டிருந்தால், குழாயிலோ பீலியிலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்து 15 நிமிடம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; ஊசி இலவசம். கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். 14 நாள் கட்டிவைத்துக் கவனிப்பதுதான் இங்குள்ள நடைமுறை. கடிக்கும்போதே எச்சிலில் கிருமி இருந்திருந்தால் அந்த நாட்களுக்குள் நாய் நோய்ப்பட்டுச் செத்துவிடும். அதுவரை மனிதருக்கு ஊசியைத் தள்ளிப்போடலாமா என்பது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. நாய் செத்துவிட்டால் புதைக்க அவசரப்பட வேண்டாம். தலையைப் பரிசோதிக்க முடியும், ஆனால் நீங்களே வெட்டக்கூடாது. உடலைக் கையுறையோடு பொலித்தீனில் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்துப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள்.

இரண்டு நிமிடச் சோதனை

விசர் சந்தேகம் இல்லையென்றால் இதைச் செய்யலாம். முதலில் நாய் நடப்பதையும், இயல்பாக நிற்பதையும், விழுவதையும் கைபேசியில் படம் எடுங்கள். வைத்தியரின் மேசையில் ஏற்றியதும் பல நாய்கள் பயத்தில் அறிகுறியை மறைத்துவிடும். அந்தப் படம்தான் அங்கே பேசும்.

பிறகு நாயின் வயிற்றைத் தாங்கிப் பிடித்து நிற்க வைத்து, ஒரு பாதத்தை மடக்கி அதன் மேற்புறம் தரையில் படும்படி வையுங்கள். நலமான நாய் உடனே பாதத்தைத் திருப்பி ஊன்றும். மடக்கியபடியே விட்டால், அந்தக் கால் இருக்கும் நிலை மூளைக்குத் தெரியவில்லை, வழியில் எங்கோ நரம்பு அறுபட்டோ அமுங்கியோ இருக்கிறது என்று அர்த்தம். நாலு காலிலும் பாருங்கள். மூட்டுவலி, முள் குத்தல், நகம் உடைதல் எல்லாம் நொண்ட வைக்கும், ஆனால் அவற்றில் பாதம் உடனே திரும்பும். வாதமா வலியா என்ற சந்தேகத்தைத் தீர்க்க வீட்டில் இதைவிட நல்ல சோதனை கிடையாது.

கண்மணிகள் பக்கத்துக்குப் பக்கம் தானாக ஓடுகின்றனவா, இரண்டும் ஒரே அளவா, குண்டூசித் தலைபோலச் சுருங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். முரசின் (பல் ஈறின்) நிறத்தைப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சலில் இரத்தம் குறைந்து முரசு வெளுத்த நாயும் பின்காலை இழுத்துத் தள்ளாடும். அது பெரும்பாலும் நரம்புக் கோளாறு கிடையாது. மலவாயில் வைக்கும் வெப்பமானியில் 38 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இயல்பு.

அறிகுறி: திடீரென்று விழுந்து கைகால் வெட்டுகிறது

நேரத்தைப் பாருங்கள், மற்றது எல்லாம் பிறகு. பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். 5 நிமிடம் தாண்டினால், அல்லது 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது முறை வந்தால், அது இரவு 2 மணியாக இருந்தாலும் புறப்பட வேண்டிய அவசரம். நிற்காத வலிப்பில் தசைகள் ஓயாமல் வேலை செய்து உடல் சூடேறும். அந்தச் சூடே மூளையைக் கெடுக்கும்.

வலிப்பின்போது வாய்க்குள் கை, கரண்டி எதுவும் போகக்கூடாது. நாய் நாக்கை விழுங்காது. காலுக்கிடையில் சாவியோ இரும்போ வைப்பதில் பலன் இல்லை, உங்கள் கைதான் கடிபடும். லயத்து வாசற்படி, கானுக்கட்டு, அடுப்பு ஆகியவற்றிலிருந்து நாயை ஒரு சாக்கோடு இழுத்து நகர்த்தி, விளக்கைக் குறைத்து, வானொலியை நிறுத்துங்கள். 5 நிமிடம் தாண்டியிருந்தால் வயிறும் தொடையும் ஈரத் துணியால் துடைக்கலாம். நுவரெலியாக் குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே உறைகுளிர், ஆகவே மேலே ஊற்ற வேண்டாம். சூடு 39.5 பாகைக்கு இறங்கியதும் துடைப்பதை நிறுத்திவிடுங்கள்.

நின்ற பிறகு சில நிமிடம் முதல் சில மணி நேரம் வரை நாய் கண் தெரியாததுபோல முட்டி மோதும், பசி பசி என்று அலையும், சொந்தக்காரரையே பார்த்து உறுமும். இது வலிப்பின் வால். முழுதாகத் தெளியும்வரை சோறும் தண்ணீரும் வேண்டாம், புரைக்கேறும்.

விழுந்ததெல்லாம் வலிப்பு இல்லை. ஏற்றத்தில் ஓடி வந்த அல்லது இருமிய கிழநாய் துவண்டு விழுந்து, அரை நிமிடத்தில் எழுந்து ஒன்றும் நடக்காததுபோல நடந்தால் இதயத்தைச் சந்தேகியுங்கள். வலிப்பில் உடம்பு விறைக்கும், சிறுநீர் போகும், பிறகு குழப்பம் இருக்கும். மயக்கத்தில் அந்தக் குழப்பம் இருக்காது.

காரணம் பெரும்பாலும் வயதில் ஒளிந்திருக்கும். 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டியில் இரத்தத்தில் சீனி இறங்குவது, நஞ்சு, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய், பிறவியிலேயே ஈரலைச் சுற்றிப்போகும் இரத்தக்குழாய். குளிர் இரவில் பசியோடு கிடந்த சின்னக் குட்டி வெட்டினால், கித்துள் பாணியோ சீனிப் பாகோ ஒரு விரலில் தொட்டு முரசில் தேயுங்கள், வாய்க்குள் ஊற்றாதீர்கள். சீனிதான் காரணமென்றால் சில நிமிடத்திலேயே தெளிவு தெரியும். குட்டி போட்டு 1 முதல் 4 கிழமைக்குள் இருக்கும் தாய் நாய், அதிலும் சின்ன இனம், மூச்சிரைத்து, விறைத்து, நடுங்கினால் அது கல்சியம் குறைந்த அவசரம். குட்டிகளை உடனே பிரித்து வைத்துவிட்டுத் தாயைக் கொண்டுபோங்கள். நரம்பு வழியாகக் கல்சியம் மெதுவாக ஏற்றினால் கண் முன்னே எழுந்து நிற்கும். 6 மாதத்துக்கும் 6 வயதுக்கும் இடையில் முதல் வலிப்பு வந்து, இடைநாட்களில் நாய் முழுச் சுகமாக இருந்தால் பரம்பரைக் காக்காய் வலிப்பு என்பதே முதல் ஊகம். அதற்குமேல் வயது போனால் மூளைக்கட்டி, ஈரல், சிறுநீரகம் என்று தேட வேண்டும்.

காக்காய் வலிப்புக்கு வழமையாக எழுதும் மருந்து பினோபார்பிட்டோன். கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பது தொடக்க அளவு. கட்டுப்பாட்டு மருந்து என்பதால் வைத்தியரின் துண்டு இல்லாமல் கிடைக்காது. முதல் இரண்டு கிழமை நாய் தள்ளாடும், தூங்கும், தண்ணீரையும் சோற்றையும் ஓயாமல் கேட்கும். பயந்து நிறுத்திவிடாதீர்கள், இரத்தத்தில் மருந்து நிலைபெறவே அவ்வளவு நாள் ஆகும். மருந்து தோற்பதற்கு முக்கியக் காரணம் இடையில் நிற்பதுதான். சில மாதம் வலிப்பு வரவில்லை, சுகமாகிவிட்டது என்று குளிசையைத் திடீரென்று விட்டால், முன்பைவிட மோசமான, நிற்காத வலிப்பு வரும். மண்சரிவில் பாதை மூடிக்கொள்ளும் மாதங்களில் கையில் எப்போதும் 2 கிழமைக்கான குளிசை மேலதிகமாக இருக்கட்டும்.

அறிகுறி: நடுக்கம், எச்சில், வயிற்றோட்டம், அதுவும் மரக்கறித் தோட்டத்துக்குப் போய்வந்த பிறகு

உருளைக்கிழங்கு, லீக்ஸ், கோவா போடும் பக்கங்களில் இதை எப்போதும் மனதில் வையுங்கள். மருந்தடிக்கும் டாங்கியைக் கழுவிய தண்ணீரைக் குடிப்பது, மருந்து அடித்த பாத்தியில் புரண்டு பிறகு உடம்பை நக்குவது, எலிக்கோ பன்றிக்கோ மருந்து தடவி வைத்ததைத் தின்பது, இவைதான் வழிகள். ஓகனோபொஸ்பேட், காபமேட் வகைப் பூச்சிமருந்து நரம்பும் தசையும் பேசிக்கொள்ளும் இடத்தைத் திறந்தபடியே வைத்துவிடும். அதனால் எச்சில், கண்ணீர், சிறுநீர், மலம் எல்லாம் ஒரேயடியாக ஒழுகும். கண்மணி சுருங்கும், தோலுக்குக் கீழே தசை புழு நெளிவதுபோலத் துடிக்கும், பிறகு மூச்சு முட்டும். நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைட் குருணையில் நடுக்கமும் கொதிக்கும் சூடும் முன்னுக்கு நிற்கும்.

மேலில் மருந்து பட்டிருந்தால் கையுறை போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் இரண்டு தடவை கழுவித் துவட்டுங்கள். துடிக்கத் தொடங்கிய நாயை வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போகும். பால், தேங்காயெண்ணெய், உப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதுவும் நஞ்சை முறிக்காது. எண்ணெய் சில நஞ்சுகளை இன்னும் வேகமாக உடம்புக்குள் ஏற்றும். மருந்துப் போத்தலை, இல்லையென்றால் அதன் லேபலின் படத்தைக் கொண்டுபோங்கள். பூச்சிமருந்து வகைக்கு அட்ரோபின் உடனே தொடங்க வேண்டிய முறிப்பு மருந்து. எந்த மருந்து என்று தெரியாமல் வைத்தியர் தடுமாறும் நேரம்தான் நாயின் நேரம்.

அறிகுறி: தலை ஒரு பக்கம் சாய்ந்து, வட்டமிட்டு, உருண்டு விழுகிறது

கிழநாயில் இது ஒரே இரவில் வரும். காலையில் பார்த்தால் கண்மணி ஊசல்போல ஓடும், வாந்தி எடுக்கும், எழுந்தால் ஒரே பக்கமாக விழும். பார்க்கச் சாவு கிட்டிவிட்டதுபோல இருக்கும். பலரும் இந்த இடத்தில்தான் நாயைக் கைவிடுகிறார்கள், அது வேண்டாம். வயதான நாயின் சமநிலை நரம்பில் வரும் இந்தக் கோளாறு 72 மணி நேரத்தில் குறையத் தொடங்கி, 2 அல்லது 3 கிழமையில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தலைச்சாய்வு மட்டும் கொஞ்சம் நிலைக்கலாம். அதுவரை படிக்கட்டுப் பக்கம் அடைப்பு, வழுக்காத சாக்கு விரிப்பு, இரவில் ஒரு சிறு விளக்கு, தட்டையான பாத்திரத்தில் தண்ணீர், கையால் ஊட்டிய சோறு. தூக்கிக்கொண்டு திரிவது கூடாது. கால் தரையில் ஊன்றி நடந்தால்தான் மூளை புதிய சமநிலையைப் பழகும்.

காதில் நாற்றம், சீழ், தொட்டால் கத்தல் இருந்தால் உட்காது வரை புண் போயிருக்கிறது. சூடாக்கிய எண்ணெய், பூண்டு எண்ணெய் ஊற்றாதீர்கள். செவிப்பறை ஓட்டையாக இருந்தால் ஊற்றியது நேரே உட்காதுக்குப் போகும், சில சாதாரணக் காதுச் சொட்டு மருந்துகளே அங்கே நரம்பைக் கொன்றுவிடும். பறை பார்த்த பிறகுதான் சொட்டு.

கண்மணி மேலும் கீழுமாக ஓடினால், மடக்கிய பாதம் திரும்பாவிட்டால், நாய் அரைத் தூக்கத்தில் இருந்தால் கோளாறு காதைத் தாண்டி மூளைக்குள் இருக்கிறது. 72 மணி நேரம் காத்திருக்கும் கதை இதற்குப் பொருந்தாது.

தலையை உதறி, ஓயாமல் தும்மி, ஒரு மூக்கில் மட்டும் இரத்தம் கசியும் நாய்க்கு நரம்புக் கோளாறு தேடுவதற்கு முன் மூக்குக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஓடையில் தண்ணீர் குடித்தபோது ஏறிய அட்டையாக இருக்கும். சில மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, பிறகு கோப்பைத் தண்ணீரை மூக்கருகே பிடித்தால் அட்டை எட்டிப் பார்க்கும்.

அறிகுறி: பின்கால் இரண்டும் விழுந்துவிட்டன

நிதானமாகப் பார்க்க வேண்டியது இங்கேதான்; அதிகம் தவறுவதும் இங்கேதான். டாஷுண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களிலும் அவற்றின் கலப்பிலும் முள்ளந்தண்டின் இடைவட்டு பிதுங்கி, முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புக் கயிறான நாணை அமுக்கும். கதிரையிலிருந்து குதித்த ஒரு குதிப்பே போதும். மற்ற நாய்களில் வளைவுகளில் வாகனம் மோதுவதும், பாறையிலிருந்தும் கல் அணையிலிருந்தும் விழுவதும் வழமையான காரணங்கள்.

தூக்கும் முறை முதலில். இரண்டு பேர், ஒரு பலகை. நாயைச் சாக்கோடு பலகைக்கு இழுத்து, தோளிலும் இடுப்பிலும் சீலைப்பட்டியால் கட்டி, ஆட்டோவின் பின் இருக்கையில் பலகையோடு வையுங்கள். இரு கைக்குள் அள்ளித் தூக்கினால் நடு முதுகு தொங்கும். உடைந்த எலும்பு நாணை அறுப்பது அப்போதுதான்.

அடுத்தது உணர்வு. பின்கால் விரலைத் தோல் மட்டுமல்ல, எலும்பு வரை அமுங்கும்படி குறட்டால் பிடித்துப் பாருங்கள். கால் உள்ளே இழுபட்டால் "கால் வேலை செய்யுது" என்று சந்தோஷப்பட வேண்டாம். அது முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதி தானாகச் செய்யும் இழுப்பு. மூளைக்குச் சேதி போகாமலும் நடக்கும். நாய் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். அது இருந்தால், நடக்க முடியாத நாயும் எழுந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது இல்லையென்றால் அறுவைச் சிகிச்சைக்கு மணி எண்ண வேண்டும். முதல் 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் சரிபாதி நாய்களாவது மீளும் வாய்ப்பு இருக்கிறது, நாள் போகப் போக அது மெலியும். ஆகவே "ரெண்டு நாள் எண்ணெய் தடவிப் பார்ப்போம்" என்பது இந்த ஒரு நிலையில் காலை விற்றுவிடுவதற்குச் சமம்.

நடக்கிறது, ஆனால் முதுகு வலிக்கிறது, தள்ளாடுகிறது என்றால் கூண்டு ஓய்வு. 4 முதல் 6 கிழமை, எழுந்து திரும்பிப் படுக்கும் அளவு மட்டும் இடம், மலசலத்துக்குக் கயிற்றில். ஒரு கிழமையில் வலி போனதும் அவிழ்த்துவிடுவதால்தான் இரண்டாவது தடவை இடைவட்டு முழுதாகப் பிதுங்குகிறது. வீட்டில் மிஞ்சிய மனித மருந்து வேண்டாம்: இபுபுரோபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பனடோல் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். வலிக்குளிசையையும் ஸ்டீரோயிட்டையும் சேர்த்துக் கொடுத்தால் வயிறு துளைபட்டு இரத்தம் போகும்.

பிறகு மூத்திரப்பை. கால் விழுந்த நாய் சொட்டுச் சொட்டாக ஈரமாக்கினால் "தானாப் போகுது" என்று விட்டுவிடுவார்கள். பை நிரம்பி வழிவதுதான் அது. உள்ளே தேங்கியது கிருமி பிடித்துச் சிறுநீரகம் வரை ஏறும். பின்தொடைக்குச் சற்று முன்னே வயிற்றின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து, தோடம்பழம்போலத் தட்டுப்படும் பையைப் பின்பக்கமாக மெதுவாக, விடாமல் அழுத்துங்கள். 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை. 10 கிலோ நாய்க்கு ஒரு நாளில் ஏறத்தாழ 240 முதல் 480 மில்லிலீற்றர் சேரும், அந்தக் கணக்கில் வருகிறதா என்று பாருங்கள். முதல் தடவை வைத்தியரிடம் கைபிடித்துப் பழகிக்கொள்வது நல்லது.

வயதான அல்சேஷன் மட்டும் வேறு கதை. வலி இல்லை, திடீர் விழுகையும் இல்லை. மாதக்கணக்கில் பின்கால் நகம் தேய்ந்து, இடுப்பு ஆடி, ஆறு மாதம் ஒரு வருடத்தில் எழ முடியாமல் போகும். நாண் மெல்ல மெல்லத் தேயும் பரம்பரை நோய், மருந்து இல்லை. தினமும் சமதரையில் நடத்துவதுதான் தசையைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கும்.

அறிகுறி: ஒரு கால் மட்டும்

பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டிய கால், வாகனம் இழுத்த முன்கால், தேர்ச்சியில்லாதவர் தொடையில் போட்ட ஊசி, மூன்றிலும் ஒற்றை நரம்பு அடிபடும். முன்கால் முழுதும் துவண்டு, அதே பக்கக் கண்மணி சுருங்கியிருந்தால் நரம்பு வேரோடு பிடுங்கப்பட்டிருக்கிறது, நம்பிக்கை குறைவு. வெறும் நசுங்கலென்றால் நரம்பு நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வளரும், ஆகவே 3, 4 மாதம் பொறுங்கள். அதுவரை இழுபடும் பாதத்துக்குத் தடித்த சொக்ஸ், தினமும் மூட்டை மடக்கி நீட்டுவது. நாய் உணர்வற்ற பாதத்தையே கடித்துத் தின்னத் தொடங்கினால் உடனே காட்டுங்கள்.

அறிகுறி: தூக்கத்திலும் நிற்காத வெட்டு

நெற்றி, தாடை, அல்லது ஒரு கால் ஒரே தாளத்தில் வெட்டிக்கொண்டேயிருக்கிறது, நாய் உறங்கினாலும் நிற்கவில்லை. சில கிழமைக்கு முன் சளி, இருமல், வயிற்றோட்டம் வந்து தெளிந்ததா? பாத மெத்தை காய்ந்து தடித்திருக்கிறதா? இது டிஸ்டெம்பர், கிருமி மூளையில் இறங்கிய பிறகு. கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. வெட்டு மட்டும் மிஞ்சி, சாப்பிட்டு நடமாடும் நாய்கள் பல காலம் வாழும்; வலிப்பு கூடிக்கொண்டே போனால் நிலைமை கடினம். மனிதருக்குத் தொற்றாது. ஆனால் லயத்தில் மற்றக் குட்டிகளுக்குத் தொற்றும், மலைக்குளிரில் கிருமி கூடுதல் நேரம் தாங்கும். குட்டிகளுக்கு 6 முதல் 8 கிழமையில் தொடங்கி, 16 கிழமை தாண்டும்வரை 2 முதல் 4 கிழமைக்கு ஒரு தடவை தடுப்பூசி. ஒரே ஊசியோடு நிறுத்திய குட்டிகள்தான் அதிகம் அகப்படுகின்றன.

அறிகுறி: நாலு காலும் துவளுகிறது, அல்லது நாலு காலும் விறைக்கிறது

துவளல் பின்காலில் தொடங்கி முன்னுக்கு ஏறி, வாலும் கண்ணும் மட்டும் உயிர்ப்போடு இருந்தால், அழுகிய இறைச்சி தின்றதா என்று யோசியுங்கள். பாம்பு கடித்திருக்கவும் கூடும். கட்டுவிரியன் கடியில் வீக்கமே தெரியாது. மூச்சு ஆழம் குறைகிறதா என்பதுதான் ஆபத்தின் அளவுகோல். விறைப்பென்றால், காது இரண்டும் நெருங்கி, நெற்றி சுருங்கி, சிரிப்பதுபோல உதடு இழுபட்டு நிற்கும்: ஏற்புவலி. 5 முதல் 10 நாளுக்கு முந்திய காயத்தைத் தேடுங்கள், இருட்டான அமைதியான அறையில் வைத்து வைத்தியரை அழையுங்கள்.

படுத்த நாயைப் பராமரிப்பது

எழ முடியாத நாயை 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். தை, மாசியில் சீமெந்துத் தரையில் கிடக்கும் நாய் விடியுமுன் குளிர்ந்துவிடும், தசை வேலை செய்யாத உடம்பு சூட்டை உண்டாக்காது. தரைக்கு மேலே பலகை, அதற்கு மேல் உமிச்சாக்கு அல்லது தடித்த மெத்தை, அதற்கு மேல் நனைந்தால் மாற்றக்கூடிய துணி. சுடுநீர்ப் போத்தலை இரண்டு சுற்றுத் துணியில் சுற்றி வையுங்கள். உணர்வில்லாத தோல் வெந்தாலும் நாய் கத்தாது, ஆகவே உங்கள் மணிக்கட்டை அதில் 1 நிமிடம் வைத்துத் தாங்கும் சூடா என்று பார்த்த பிறகே நாயின் பக்கத்தில் வைக்க வேண்டும்.